‘உங்க அக்கா நல்லா இருக்காங்க’

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதன்முதலாகக் கடல் தாண்டி ஊழியத்துக்குப் போனபோது, நான் தலையில் தக்கைத் தொப்பி வைத்துக்கொண்டு போனேன். வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்குப் போடுவார்களே, கவிழ்த்த சட்டி மாதிரி, அதுதான். சாத்தூரில் பிறந்து, சாத்தூர் வெயிலில் முப்பத்தெட்டு வருடம் வெறுந்தலையோடு திரிந்தவன், வெயில் எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும் இலங்கைத் தேயிலை மலைக்குப் போட்டுக்கொள்வதற்காக மதுரையில் நான்கு கடை ஏறி அதை வாங்கினேன். ஊழியக்காரர்களின் வாழ்க்கை வரலாறுகளை நிறையப் படித்திருந்தேன். அவற்றில் இருந்த படங்களில் ஒருவர்கூடத் தொப்பி இல்லாமல் நிற்கவில்லை. நம் ஊருக்கு ஊழியம் செய்ய வந்தவர்கள் அப்படி வந்தார்கள் என்றால், நாம் ஊழியம் செய்யப் போகும்போதும் அப்படித்தானே போக வேண்டும்? நான் சந்திக்கப் போகிறவர்கள் மல்லாங்கிணறு, வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன நம் சனங்கள்தான் என்பது கப்பல் ஏறும் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன்.

அடுத்த மாதம் கடல் தாண்டப் போகிற நீங்கள் ஐந்து பேரும் தொப்பி வாங்க மாட்டீர்கள். உங்கள் தலைமுறைக்கு அந்த அளவுக்குத் தெளிவு உண்டு. என்ன எடுத்துப் போக வேண்டும், தண்ணீரை எப்படிக் காய்ச்ச வேண்டும், எந்த ஊசி எங்கே போடுவார்கள் என்பதெல்லாம் உங்களிடம் கொடுத்திருக்கும் தாளில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்லும்படி சபையார் என்னிடம் கேட்டார்கள். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் பேசச் சொல்லிக் கேட்பது எத்தனை ஆபத்தானது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

தனுஷ்கோடி தனுஷ்கோடியாக இருந்த காலம் அது. நாங்கள் மூன்று பேர். ஒரு போதகர், மிஷன் ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை பார்த்த ஒரு நர்ஸம்மா, அப்புறம் நான், மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வாத்தியார். நாற்பது நாள் பயணம். எங்களை அனுப்பியது சபையின் பெண்கள். ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்களே, அந்த அரிசியில்தான் நாங்கள் கப்பல் ஏறினோம். ரயிலடியில் வழியனுப்ப வந்தவர்களில் ஓர் அம்மா என் தொப்பியை வெகுநேரம் பார்த்துவிட்டு, “பத்திரமாப் போய்ட்டு வாங்க சார்” என்றார். தொப்பியிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா என்பது இன்றுவரை தெரியாது.

இரண்டாவது மடத்தனத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுக்க வசன அட்டைகள் வேண்டியிருந்தன. சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருந்த ஒரு முதலாளியின் மகன் என்னிடம் படித்தவன். வர்ணம் சரியாக உட்காராமல் கழித்துப்போட்ட மத்தாப்புப் பெட்டி லேபிள்களை முதலாளி கட்டுக்கட்டாகத் தூக்கிக் கொடுத்தார். “வீணாப் போறதுதான் சார். உங்க சாமி காரியத்துக்காவது ஆகட்டும்” என்றார். நல்ல கெட்டித் தாள், பின்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் வசனத்தை அச்சடித்துக்கொண்டேன். முன்பக்கத்தில் மயில் மேல் முருகன் இருந்தார். வர்ணம் விலகியதால் அவருக்கு இரண்டு மூக்கு. கீழே கொட்டை எழுத்தில் ‘சாத்தூர்’ என்று கம்பெனியின் ஊர். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்பதை நாம் முடிவு செய்வதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மண்டபம் முகாமில் டாக்டரிடம் கண்ணையும் நாக்கையும் காட்டி, கப்பலில் மூவரும் முறைவைத்து வாந்தி எடுத்து, ரயில் மாறி, கடைசியில் லாரியில் ஏறித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தொழிலாளிகள் குடியிருப்பது லயம். பத்துப் பன்னிரண்டு அறைகள் ஒரே கூரையின் கீழ் ரயில் பெட்டிபோல நீளமாக. அதன் கடைசி அறையைக் கழுவி எங்களுக்குக் கொடுத்தார்கள். அது யாருடைய அறை, அந்தக் குடும்பம் எங்கே படுத்துக்கொண்டது என்று நாங்கள் விசாரித்தபோது பத்து நாள் ஆகியிருந்தது. நீங்கள் முதல் நாளே விசாரியுங்கள்.

எழுதி வைத்த பிரசங்கம் பதினான்கு கொண்டுபோயிருந்தேன். முதல் பிரசங்கத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு மூன்று பேர். அதில் ஒருவர் போதகர். அதே நேரத்தில் லயத்தின் மறுகோடியில் நர்ஸம்மா சிரங்குக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். அங்கே அறுபது பேர். கொழுந்து பறித்துவிட்டு, இடுப்பில் கட்டிய நனைந்த சாக்கோடு வந்த பெண்கள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு அங்கேயே அடுப்புக்கு விறகு பிளந்தார்கள். நான் தொப்பியைச் சரி செய்துகொண்டு மூன்றாவது பிரசங்கத்தைத் திருத்தினேன்.

வசன அட்டைகள் மட்டும் பறந்தன. இரண்டே நாளில் லயத்தில் அட்டை ஒட்டாத கதவு இல்லை. எல்லா அட்டையிலும் வசனம் கதவைப் பார்த்தபடி, இரண்டு மூக்கு முருகன் எங்களைப் பார்த்தபடி. போதகர் அந்த நடையின் முதல் கதவிலிருந்து கடைசிக் கதவு வரை மெல்ல நடந்தார். பிறகு அறைக்குள் வந்து கண்ணை மூடி நீண்ட ஜெபம் செய்தார். எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த லேபிள்தான் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது. ஒருநாள் சாயங்காலம், கொழுந்து நிறுக்கும் கொட்டகைப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். நாற்பது வயதிருக்கும் ஓர் அம்மா, முதுகுக் கூடையை இறக்கிவிட்டு என்னிடம் வந்தார். பெயர் சின்னத்தாயி. கையில் லேபிள்.

“கிளாக்கரய்யா இதுல சாத்தூருன்னு போட்டிருக்குன்னு சொன்னாக. நீங்க சாத்தூரா சார்?”

“ஆமாம்மா.”

“எனக்கு மல்லாங்கிணறு. வடக்குத் தெரு. எங்கக்கா அங்கனதான் இருக்கா, பேச்சியம்மான்னு. ஆறு வருசமா கடுதாசி இல்ல. போட்டாலும் பதில் இல்ல. நீங்க அந்தப் பக்கம் போறதுண்டா?”

போனதுண்டு. ஒரே ஒரு தடவை. பள்ளிக்கூட ஆய்வுக்காக பஸ்ஸை விட்டு இறங்கி, பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, திரும்பி பஸ் ஏறினேன். வடக்குத் தெரு எது, தெற்குத் தெரு எது என்று கேட்டால்கூடச் சூரியனைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் தம்பிகளே, அந்த இடத்தில் நின்று பாருங்கள். இரண்டு வாரமாக என் முகத்தை ஒருவரும் நேராகப் பார்க்கவில்லை. இப்போது நிறுவைக்குக் காத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் கூடையை இறக்கிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“போறதுண்டு” என்றேன்.

“ஒசரமா இருப்பா. கிணத்தடிக்கு எதுத்த வீடு. பாத்திருக்கீகளா?”

“ஒசரமா... ஆமா, பார்த்திருக்கேன். உங்க அக்கா நல்லா இருக்காங்க.”

சின்னத்தாயி என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு என் பதினான்கு பிரசங்கத்துக்கும் கிடைக்காத ஒன்று.

அதற்கப்புறம் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மறுநாள் வெம்பக்கோட்டைக்காரர் ஒருவர் தன் தம்பியைப் பற்றிக் கேட்டார். சாத்தூருக்கு மேற்கே ஒரு கிராமத்தைச் சொல்லி ஓர் அம்மா தன் மாமியாரைக் கேட்டார். ஆலமரம் இருக்கிறதா, கண்மாய் பெருகியதா, கோவில் தேர் ஓடியதா? எல்லாரும் நன்றாக இருந்தார்கள். கண்மாய் பெருகியது. தேர் ஓடியது. மூன்று நாளில் நான் குணமாக்கியவர்களும் உயிரோடு எழுப்பியவர்களுமாக முப்பத்தொரு பேர். கூட்டத்துக்கும் ஆள் வரத் தொடங்கியது. பிரசங்கம் முடிந்ததும் ஊர்ச் செய்தி உண்டு என்பதால் பிரசங்கத்தையும் பொறுத்துக்கொண்டார்கள். ஊழியம் சூடு பிடித்துவிட்டது என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினேன்.

குறுகிய காலம் போகிறவனுக்கு வரும் நோய் இது. வயிற்றுப்போக்கு எல்லாருக்கும் வரும், மூன்று நாளில் போய்விடும். இது அப்படியல்ல. நாளைக்கு நாம் இங்கே இருக்கப் போவதில்லை என்பது உள்ளே எங்கோ தெரிவதால், வாய்க்குக் கடிவாளம் அவிழ்ந்துவிடுகிறது. உள்ளூர் ஆள் ஒருவன் இப்படிப் பேசியிருந்தால், மறுவாரம் பதில் சொல்ல அங்கேயே நிற்க வேண்டியிருக்கும்.

நாங்கள் புறப்பட நான்கு நாள் இருந்தது. சின்னத்தாயி மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். லட்சுமி என்று பெயர், பதினேழு வயது. கூடவே ஒரு தகரப் பெட்டி, ஒரு துணி மூட்டை.

“சார், இவள உங்களோட அனுப்புறேன். மல்லாங்கிணத்துல எங்கக்காகிட்ட விட்டுருங்க.”

விஷயம் இதுதான். தோட்டத்துக் கங்காணியின் சொந்தக்காரர் ஒருவர், மனைவியை இழந்தவர், லட்சுமியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. கங்காணியை எதிர்த்து இல்லை என்று சொல்லி அந்த மலையில் குடியிருக்க முடியாது. ஊருக்குப் போகும் காகிதத்தை அம்மா போன வருடமே வாங்கி வைத்திருந்தார்.

“போய் நிக்க ஒரு வாசல் இல்லாமத்தான் வெச்சிருந்தேன். இப்பத்தான் அக்கா இருக்கான்னு நீங்க சொல்லிட்டீகளே. நாளைக்குக் காலைல பேர வெட்டச் சொல்லி கிளாக்கரய்யாகிட்ட சொல்லப் போறேன்.”

பேர் வெட்டுவது என்றால் தோட்டத்துப் பதிவிலிருந்து எடுத்துவிடுவது. வெட்டினால் லட்சுமிக்கு அங்கே வேலை இல்லை, லயத்தில் இடம் இல்லை; காகிதமோ ஒருவழிக் காகிதம், திரும்பி வர முடியாது. அந்தப் பக்கம் போய்ச் சேரும் இடத்தில் கிணற்றடிக்கு எதிர் வீடு என்று ஒன்று இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. லட்சுமி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் “யோசிப்போம்மா” என்றேன். நாற்பது நாளில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே நேர்மையானது அது ஒன்றுதான்.

அவர்கள் போனதும் நர்ஸம்மா, கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

“வாத்தியாரே, மல்லாங்கிணத்துக்கு எத்தன தடவ போயிருக்கீக?”

“ஒரு தடவை.”

“அம்புட்டு நேரத்துல இந்தம்மாவோட அக்காவ எங்கன பாத்தீக?”

“பார்க்கல.”

அவர் சுருட்டுவதை நிறுத்தவில்லை. எனக்கு அவசரமாக ஒரு யோசனை வந்தது. “ஒண்ணும் மோசமில்ல நர்ஸம்மா. கூட்டிட்டுப் போவோம். அக்கா கிடைக்கலேன்னா நம்ம போர்டிங்ல சேத்துடலாம். இந்தக் கிழவனுக்குக் கட்டிக் குடுக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்.”

“போர்டிங்ல பதினேழு வயசுப் புள்ளய எந்தக் கிளாஸுல உக்கார வைப்பீக? இடம் இருக்கா?”

“கேட்டுப் பார்க்கணும்.”

“அப்ப இது ரெண்டாவது பொய்யி.” துணிச் சுருளைப் பெட்டியில் வைத்தார். “நல்லதோ கெட்டதோ, அந்தம்மா தெரிஞ்சு முடிவு பண்ணட்டும். உங்க பொய்யக் காப்பாத்த ஒரு புள்ளயக் கப்பல்ல ஏத்தாதீக.”

“நாளைக்குச் சொல்றேன்.”

“நாளைக்குக் காலைல பேர வெட்டிருவாக. இப்பக் கொழுந்து நிறுக்கிற நேரந்தான். எல்லாரும் அங்கன இருப்பாக. எல்லார் முன்னால சொன்னத எல்லார் முன்னாலயும் போய்ச் சொல்லிட்டு வாங்க. தொப்பிய இங்கன வெச்சிட்டுப் போங்க.”

போனேன். கொட்டகை வரை இருநூறு அடி தூரம்தான். அதற்குள் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று யோசித்தேன்: வேறொரு பேச்சியம்மாவை நினைத்துவிட்டேன் என்று சொல்லலாம், காய்ச்சல் என்று சொல்லலாம், ஞாபகப் பிசகு என்று சொல்லலாம். அவை ஒவ்வொன்றும் மூன்றாவது பொய்யாக இருந்தது. அங்கே போனதும் யோசித்தது எல்லாம் போய்விட்டது.

“நான் மல்லாங்கிணத்துல யாரையும் பார்க்கல” என்றேன். “வெம்பக்கோட்டைலயும் பார்க்கல. நீங்க கேட்ட ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. உங்களுக்கு நல்லா இருக்கட்டும்னு சொன்னேன். எனக்கும் நல்லா இருந்தது, அதான் சொன்னேன். எல்லாம் பொய். மன்னிச்சிருங்க.”

தராசுக்காரர் கையில் கூடை அப்படியே நின்றது. சின்னத்தாயி முன்னால் வந்தார்.

“அப்ப எங்கக்கா இருக்காளா இல்லயா?”

“தெரியாதும்மா.”

“தெரியாதுங்கறதுதான் எங்ககிட்டயே ஆறு வருசமா இருக்கே சார். அதக் கடல் தாண்டிக் கொண்டாந்து குடுக்கணுமா?”

பின்னாலிருந்து வெம்பக்கோட்டைக்காரர் மெதுவாகச் சொன்னார்: “சார், எந் தம்பியப் பத்திச் சொன்னத மட்டும் அப்பிடியே விட்டுருங்க. அத நான் வெச்சிக்கிடுதேன்.”

மறுநாள் பேர் வெட்டவில்லை. லட்சுமி கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனது. தகரப் பெட்டி மீண்டும் கட்டிலுக்கு அடியில் போயிற்று. நர்ஸம்மா ஒரு நோட்டையும் பென்சிலையும் என் கையில் திணித்தார். “மூணு நாள் இருக்கு. ஒவ்வொரு வாசலாப் போயி ஊரு, தெரு, பேரு எழுதிட்டு வாங்க. கண்டுபிடிக்கிறேன்னு சொல்லாதீக. போய்ப் பாக்கிறேன், என்ன இருக்கோ அத எழுதுறேன்னு மட்டும் சொல்லுங்க.” போனேன். சிலர் கதவைத் திறக்கவில்லை. திறந்தவர்கள் வெல்லமும் வெறும் தேநீரும் கொடுத்தார்கள். பிரசங்கத்துக்காக நான் போயிராத அறைகளுக்குள் எல்லாம் அந்த மூன்று நாளில்தான் போனேன். முப்பத்தொரு விலாசம். தொப்பியை லயத்துக்குப் பின்னாலிருந்த பீன்ஸ் பாத்தியில் குருவி விரட்டக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அது அங்கே என்னைவிட அதிக நாள் ஊழியம் செய்ததாகக் கேள்வி.

ஊர் திரும்பினால் சாட்சி சொல்ல வேண்டும். கைப்பிடி அரிசி கொடுத்த அம்மாமார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் மனம் திரும்பினார்கள் என்று சொல்வது வழக்கம். நான் நோட்டை எடுத்து நடந்ததைச் சொன்னேன். இனி நமக்குக் கைப்பிடி கிடையாது என்று முடிவு செய்துகொண்டேன். அப்போது ஓர் அம்மா, “அந்த லிஸ்ட்ட வாசிங்க சார், மேற்க எங்க மதினி ஊரு இருக்கு” என்றார். வாசித்தேன். அன்றைக்கே ஒன்பது பேருக்கு யாரிடம் விசாரிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

மிச்சத்துக்குச் சைக்கிள். சனிக்கிழமைகளும் கோடை விடுமுறையும் அதில் போயின. நாற்பது நாள் ஊழியம் முடிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. வெம்பக்கோட்டைக்காரரின் தம்பி இறந்து நான்கு வருடமாகியிருந்தது. அவர் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னதை நான் பறிக்க வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தத் தம்பிக்கு ஒரு மகன் இருப்பதையும், அவன் பெரியப்பாவின் பெயரைச் சரியாகச் சொன்னதையும் முதலில் எழுதி, மற்றதைப் பிறகு எழுதினேன். சரிதானா என்று தெரியாது. நீங்களும் இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டிவரும். அன்றைக்கு எனக்குச் சொல்லுங்கள்.

மல்லாங்கிணற்றில் கிணற்றடிக்கு எதிர் வீடு இருந்தது. கூரை இறங்கி, பூட்டும் துருவுமாக. பேச்சியம்மா மழை பொய்த்த வருடமே சிவகாசிக்குப் போய்விட்டார் என்றார்கள். சிவகாசியில் மூன்று சனிக்கிழமை தேடினேன். நான்காவது வாரம், ஒரு வரிசை வீட்டு வாசலில், மடி நிறையத் தீப்பெட்டிக் கூடுகளோடு பசை தடவிக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருக்கும்போதே உயரம் தெரிந்தது.

“பேச்சியம்மாங்கிறது நீங்கதானா? நான் சின்னத்தாயி தோட்டத்துல இருந்து வர்றேன்.”

“எந்தச் சின்னத்தாயி?”

“உங்க தங்கச்சி.”

பசை தடவிய விரல் நின்றது. “இருக்காளா?”

“இருக்காங்க. நானே பார்த்தேன்.”

அதே வார்த்தைகள்தான். ஆனால் இந்தத் தடவை அவர் எத்தனை கேள்வி கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. இடது புருவத்தில் தழும்பு. கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுவார். “அது அவதான்” என்றார் பேச்சியம்மா. “தழும்பு நான் தள்ளிவிட்டதுல வந்தது.” பசை காய்ந்துபோன கூட்டை ஓரமாக வைத்தார். நான் லட்சுமியின் விஷயத்தைச் சொன்னேன்.

இன்னும் இரண்டு கூட்டை எடுத்து ஒட்டினார். பிறகு, “இருக்கேன்னு எழுதுங்க. வரச் சொல்லி எழுதாதீக. இந்த ஒத்த ரூமுல நாங்க ஏழு பேரு இருக்கோம்” என்றார்.

“சரிம்மா.”

எழுந்து சைக்கிளை எடுத்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“நில்லுங்க. புள்ளைக்குப் பெரியம்மா நான் உசுரோட இருக்கேன்ல? என்னக் கேக்காம அதுக்குக் கலியாணம் பேசக் கூடாதுன்னு எழுதுங்க. இடம் குடுக்க முடியாது. தடுக்க முடியும்லா?”

எனக்குத் தோன்றாத ஒன்று, நர்ஸம்மாவுக்கும் தோன்றாத ஒன்று. அப்படியே எழுதினேன். தோட்டத்துக் கிளாக்கர் அதைக் கங்காணி முன்னால் உரக்க வாசித்தாராம். பெரியம்மா சம்மதமில்லாமல் பெண் எடுத்தார் என்ற பேர் வேண்டாம் என்று கங்காணியே சம்மதத்தைக் கேட்டு எழுதச் சொன்னார். பேச்சியம்மா ஒரு கடிதத்தில் ஜாதகம் கேட்டார். அது வந்ததும் மாதம் சரியில்லை என்றார். அடுத்ததில் மாப்பிள்ளைக்குப் பல் எத்தனை இருக்கிறது என்று எழுதி அனுப்பச் சொன்னார். கடிதம் போக மூன்று வாரம், வர மூன்று வாரம். ஒன்றரை வருடத்தில் மாப்பிள்ளை சலித்துப்போய் வேறு தோட்டத்தில் பெண் எடுத்துக்கொண்டார். நான் கொண்டுபோன பதினான்கு பிரசங்கங்களையும் ஒரு தட்டிலும், பேச்சியம்மா சொல்லச் சொல்ல எழுதிய அந்தப் பல் கடிதத்தை மறு தட்டிலும் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும்.

இத்தோடு முடித்தால் உங்களுக்கு நல்ல பாடமாக இருக்கும்: உண்மையைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல், திரும்பி வந்தபிறகும் வேலை செய். நானும் இதைப் பல கூட்டங்களில் சொல்லி, கொட்டகையில் நான் ஒப்புக்கொண்ட இடத்தில் குரலைச் சற்றுத் தழுதழுக்க வைத்துப் பேர் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் போன வருடம், இரண்டு நாடும் பேசி முடித்து ஆட்கள் திரும்பி வரத் தொடங்கிய பிறகு, லட்சுமி என் வீட்டுக்கு வந்தது. தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு மண்டபம் வழியாக வந்து, இப்போது சிவகாசியில் பெரியம்மாவுக்குப் பக்கத்து வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறது. மூத்தவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டது. சின்னத்தாயி போய்ச் சேர்ந்து மூன்று வருடமாயிற்று என்றது. சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டது, அம்மாவைப் போலவே.

காப்பி குடித்து முடித்ததும் எனக்கு ஆசை அடங்கவில்லை. “அன்னைக்குக் கொட்டகையில நான் எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொன்னேனே, ஞாபகம் இருக்காம்மா?” என்றேன்.

“இருக்கு சார். அம்மா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.”

“சிரிக்குமா?”

“நீங்க பொய் சொல்றீகன்னு அம்மாவுக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சுதான் பெட்டியக் கட்டுச்சு. இத்தன பேரு முன்னால சொன்ன மனுசன், வெக்கப்பட்டாவது இவள எங்கயாவது ஒரு நல்ல எடத்துல சேத்துருவாருன்னு நெனச்சுச்சு. நீங்க வெக்கப்படாம உண்மையச் சொல்லிட்டீக.”

என் மனைவி உள்ளே போய்விட்டாள், சிரிப்பதற்கு. “மொத நாளே எப்படித் தெரிஞ்சது?” என்று மட்டும் கேட்டேன்.

லட்சுமி, பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னது:

“அந்தத் தொப்பியோட ஒரு ஆளு மல்லாங்கிணத்து வடக்குத் தெருவுல நடந்திருந்தா, எங்கக்கா செத்தே போயிருந்தாலும் தொப்பிச் சேதி மட்டும் எப்படியும் மலைக்கு வந்து சேந்திருக்கும்னு அம்மா சொல்லும் சார்.”